யாரோன்னா யாரு?

பெட்டி என்று நினைத்துத்தான் எதிர் வீட்டு சிஸ்டர் கையைத் தூக்கினார்.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து வளாகத்தில் காணிக்கையாக வந்த பொருள்களின் ஏலம் நடந்துகொண்டிருந்தது. வாழைத்தார், பூசணிக்காய், கால் கட்டிய இரண்டு சேவல், யார் வீட்டிலோ கிளறிய ஒரு தூக்கு அல்வா எல்லாம் போன பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டியை மேஜைமேல் வைத்தார்களாம். ஊருக்குப் போக வர உதவும் என்று இவர் கையைத் தூக்கியிருக்கிறார். வேறு யாரும் தூக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் உள்ளே துணி வைக்க இடமே இல்லை. சுழலும் தட்டு ஒன்று, முள் ஒன்று, மூடியின் உட்பக்கத்தில் செருகியிருந்த இசைத்தட்டு ஒன்று.

"சூட்கேஸ்னு நினைச்சு ரெக்கார்ட் பிளேயர் வாங்கினவ இந்தத் தாம்பரத்துலயே நான் ஒருத்திதான் சார்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சேலையூரில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் அவர் எங்களுக்கு எதிர் வீடு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐம்பதைத் தாண்டிய வயது. கணவருக்கு மஸ்கட்டில் வேலை, மகள் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். அடுக்ககம் முழுவதற்கும் அவர் 'சிஸ்டர்'. கதவில் பெயர்ப் பலகை இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை.

பெட்டி வந்த மறு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் கதவைத் தட்டினார்.

"சார், நீங்க டிசம்பர்ல கச்சேரிக்கெல்லாம் போவீங்களாமே. ஒரு நிமிஷம் வந்து இது என்னன்னு சொல்றீங்களா?"

கச்சேரிக்குப் போவது உண்மைதான். காண்டீன் கீரை வடைக்காக என் மனைவியும், மனைவியைத் தனியாக அனுப்பக்கூடாது என்று நானும் போவோம். ஆனால் வருஷா வருஷம் போய்வந்ததில், அடுக்ககத்தில் எனக்குச் சங்கீதம் தெரிந்தவர் என்று பெயர் வந்துவிட்டது. வந்த பெயரை நான் மறுக்கவில்லை. மோகனம், கல்யாணி, தோடி, கரகரப்பிரியா. இந்த நான்கில் ஒன்றைச் சொன்னால் பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் கேட்டவருக்கும் தெரியாது. இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருந்தேன்.

சிஸ்டர் முள்ளை வைத்தார். நாகஸ்வரம். நான் கண்ணை மூடி, தலையை இரண்டு தடவை ஆட்டிவிட்டு, "மோகனம்" என்றேன்.

அவர் ஒரு பழைய டைரியை எடுத்து எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். 'மோகனம். சொன்னது: எதிர் வீட்டு சார்.'

"என் பேர் எதுக்கு சிஸ்டர்?"

"வார்டுல யார் மருந்து குடுத்தாங்கன்னு எழுதாம விடமாட்டோம் சார். அந்தப் பழக்கம்."

நான் மெல்ல எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மாடம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், சாப்பாட்டுப் பந்தியில் நாகஸ்வரக்காரருக்கு எதிரே போய் உட்கார்ந்திருக்கிறார். இசைத்தட்டை ஃபோனில் பதிவு செய்து கையோடு கொண்டுபோயிருந்தார். ரசம் சாதத்துக்கு நடுவில் அந்த மனிதர் காதில் ஃபோனை வைத்துக் கேட்டுவிட்டு, "ஏறும்போது மோகனம் மாதிரிதாம்மா இருக்கும். இறங்குறப்ப பாருங்க, ரெண்டு சுரம் கூட வரும். இது பிலஹரி" என்று சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு மாலையே சிஸ்டர் படியேறி வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"சார், நீங்க சொன்னது ஏறும்போது சரியாம்!"

கேலியில்லை. அவருக்குக் கேலி வராது. டைரியில் என் மோகனத்தை அடிக்காமல், அதற்குக் கீழே பிலஹரியை எழுதியிருந்தார்.

இதுதான் சிஸ்டர். தெரியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சமே கிடையாது. மற்றவர்கள் ஒரு சந்தேகத்தை வருஷக்கணக்காக உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு திரிவார்கள். இவர் வந்த கையோடு எதிரில் இருப்பவரிடம் நீட்டிவிடுவார். ஒருமுறை எங்களோடு சபாவுக்கு வந்திருந்தார். பாடகர் ஆலாபனையில் ஆழ்ந்திருக்கும்போது பக்கத்து நாற்காலிப் பெரியவரிடம், "சார், இப்ப என்ன நடக்குது?" என்று கேட்டார். பெரியவர் முறைத்தார். நான் நாற்காலிக்குள் புதைந்துகொண்டேன். அரை மணி கழித்துத் திரும்பிப் பார்த்தால் அந்தப் பெரியவர் சிஸ்டருக்காகவே சத்தமில்லாமல் தாளம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். இடைவேளையில் காண்டீனில் மிருதங்கக்காரரைப் பிடித்து, "கல்லை வச்சு அதை அப்படித் தட்டுறீங்களே, அதுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று நோயாளியைப் பற்றி விசாரிப்பதுபோல விசாரித்தார். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சுருதி சேர்க்கிற கதை முழுவதையும் சொன்னார்.

ஒரு இசைத்தட்டு பத்தாகி, பத்து ஐம்பதாகியது. வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தை. ராத்திரி டியூட்டி முடித்துக் காலையில் நேராக அங்கே போய்விடுவார். பழைய மிக்ஸி, உடைந்த சைக்கிள், பறவைக் கூண்டு என்று சாலை நெடுக விரித்திருக்கும் கடைகளில் இசைத்தட்டும் கேசட்டும் எங்கே கிடக்கும் என்பது அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது. ஒரு தடவை நானும் போயிருந்தேன்.

"இன்னா மா, வெள்ளிக்கெயமயானா வந்துட்ற. கட கிட வெக்கப் போறியா?" என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணா. கத்துக்கலாம்னு."

"பாட்டா?"

"பாட இல்ல, கேக்க."

"கேக்கறதுக்கு இன்னாத்த கத்துக்கறது? காது கீதுல்ல?"

திரும்பி வரும் வழியெல்லாம் சிஸ்டர் அதையே யோசித்துக்கொண்டு வந்தார். தாம்பரம் வந்ததும், "அவர் கேட்டது நல்ல கேள்வி சார். நான் காதால கேக்குறேனா, டைரியால கேக்குறேனா?" என்றார். அன்றிலிருந்து எதையும் முதல் தடவை கேட்கும்போது டைரியை மூடிவைத்துவிடுவார்.

அவர் வீட்டுக் கூடத்து அலமாரியில் இசைத்தட்டுகள் பாடகர் வாரியாகவும் இருக்காது, ராகம் வாரியாகவும் இருக்காது. மேல் தட்டில் 'டியூட்டிக்குப் போகுமுன்', நடுவில் 'வந்த பிறகு', கீழே 'ஐ.சி.யூ.' கீறல் விழுந்தவையும் பூஞ்சை பிடித்தவையும் ஐ.சி.யூ.வில் கிடக்கும். மடித்த சல்லாத் துணியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, புண் துடைக்கிற நிதானத்தோடு வட்டமாகத் துடைப்பார். பிழைத்தவை மேலே போகும். எதையும் தூக்கிப்போட்டு நான் பார்த்ததில்லை.

பழைய பதிவுகள் சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் நானும் பெயருக்கு இருந்தேன்; தன்னையும் அதில் சேர்க்கச் சொன்னார். சேர்ந்த முதல் நாளே, 'நான் புதுசு. எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாத்தையும் கேப்பேன், மன்னிச்சுக்குங்க' என்று போட்டார். குழுவில் இருநூறு பேர். அதுவரை அப்படி எழுதியவர் ஒருவரும் இல்லை.

அந்தக் கேசட் வந்தது இதற்கெல்லாம் பிறகு. சந்தையில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் நிறையக் கேசட்டுகளை அப்படியே வாங்கிவந்திருந்தார். பெரும்பாலும் சாமி பாட்டு. ஒன்றில் மட்டும் பேனாவால் 'சஹானா' என்று ராகத்தின் பெயர் எழுதியிருந்தது. வேறு எதுவும் இல்லை.

ஒரு பெண் குரல். மேடையில் பாடியதல்ல, வீட்டில். குக்கர் விசில் கேட்டது, எங்கோ தாழ்வாக ஒரு விமானம் போனது. பின்னால் விடாமல் ஏதோ தட்டும் சத்தம். நடுவில் அந்தத் தட்டல் நின்றது. சற்றுத் தள்ளி இன்னொரு பெண்ணின் குரல், "டீச்சர், இன்னொரு வாட்டி!" என்றது. பாடிக்கொண்டிருந்தவர் சிரித்தார். சிரித்த மூச்சு அடங்குவதற்குள் மறுபடி பாடத் தொடங்கினார்.

சிஸ்டர் அதைக் கேட்ட விதமே வேறாக இருந்தது. அலமாரியில் எந்தத் தட்டிலும் அந்தக் கேசட் ஏறவில்லை. டியூட்டிக்குப் போகுமுன்னும் அதுதான், வந்த பிறகும் அதுதான்.

"பின்னாடி தட்டுறது என்ன சார்?"

"கஞ்சிரா" என்றேன், யோசிக்காமல்.

குழுவில் அதைப் போட்டார். 'இவர் யார், யாருக்காவது தெரியுமா?' பெரிய சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து உடனே பதில் வந்தது. 'யாரோ வீட்டில் பாடியது. சேர்த்துவைக்கத் தக்கதில்லை. கேசட் நல்ல நிலையில் இருந்தால் வேறு பதிந்துகொள்ளலாம்.'

சிஸ்டர் ஃபோனைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

"யாரோன்னா யாரு சார்? அப்படி ஒருத்தர் இருக்காங்களா உலகத்துல?"

அதையே குழுவிலும் கேட்டார். பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் அதைப் போட்டுக் காட்டினார். மருந்துக்கடைக்காரர், சர்ச் போதகர், லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவர், ஒருவரையும் விடவில்லை. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. கடைசியில் விடை கிடைத்தது அவருடைய வார்டிலேயே. தரை துடைக்கும் அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சொன்னாராம்: "இன்னா சிஸ்டர், தறி சத்தம் போட்டுகினு கீற? எங்க அனகாபுத்தூர்ல கீற மாரியே கீது."

சிஸ்டர் வந்து என்னிடம் அதைச் சொன்னபோது, "கஞ்சிரா இல்லையாம் சார்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அனகாபுத்தூர் போனேன். அடையாற்றுப் பக்கம் ஒருவர் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். சிஸ்டர் கையில் சின்ன ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் நின்று போட்டுக் காட்டினார். வெள்ளைப் புடவையையும் கைப்பையையும் பார்த்து, "ஜெபம்லாம் வாணாம்மா" என்று இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவிடமும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். எனக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

நான்காவது சந்தில் இட்லி மாவு விற்கும் அம்மா ஒருவர், அறுபது வயது இருக்கும், கரண்டியால் மாவை அள்ளிக்கொண்டிருந்தார். பாட்டு ஆரம்பித்ததும் கை அப்படியே நின்றது. 'டீச்சர், இன்னொரு வாட்டி' என்ற இடம் வந்தபோது கரண்டி மாவுக்குள் விழுந்தது.

"அய்ய! இது நானு! என் கொரலுமா இது!"

சந்தில் இருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அந்த அம்மா அப்போது தறி நெய்துகொண்டிருந்தவர். பக்கத்து வீட்டில் பள்ளிக்கூடப் பாட்டு டீச்சர் குடியிருந்திருக்கிறார். நடுவில் ஒரே சுவர்.

"அது பாட ஆரமிச்சா எனக்குக் கை ஓடும். நிறுத்திச்சின்னா நானும் நிறுத்திடுவேன், இன்னொரு வாட்டின்னு கத்துவேன். இப்ப மேடவாக்கத்துல கீது, பொண்ணு வூட்ல. வூடு குடி போறப்ப போயிருந்தேன். இருங்க, நானும் வரேன்."

மாவுப் பாத்திரத்தை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு மூன்று பேரும் ஆட்டோ பிடித்தோம்.

மேடவாக்கத்து அடுக்ககத்தில் மகள் கடைக்குப் போயிருந்தார். டீச்சரே கதவைத் திறந்தார். ஒல்லியான உருவம், எழுபதுக்கு மேல் வயது. தறிக்காரம்மாவைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். நாங்களும் பின்னாலேயே போனோம். சிஸ்டர் விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரை மேஜைமேல் வைத்தார்.

டீச்சர் கடைசிவரை அசையாமல் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இதை நான் பழைய பேப்பரோட சேர்த்துப் போட்டுட்டேனே" என்றார். "ரேடியோவுல பாட ஒரு தேர்வு வச்சாங்க. அதுக்குப் பழகினது. எங்கெங்க தப்புன்னு பாக்க இதையே போட்டுப் போட்டுக் கேப்பேன். போய்ப் பாடினேன், எடுக்கலை. அதுக்கப்புறம் ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்ததோட சரி. எனக்குன்னு நான் பாடலை."

பிறகு சிஸ்டரைப் பார்த்து, "இதைத் தேடிக்கிட்டு எதுக்கும்மா வந்தீங்க?" என்றார்.

"என்கிட்ட முந்நூறுக்கு மேல இருக்கும்மா. எல்லாம் பெரிய பெரிய வித்வான்கள். அதுல நான் திரும்பத் திரும்பக் கேக்குறது இதைத்தான்."

"உங்களுக்குச் சங்கீதம் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"தெரியாதவங்க நல்லா இருக்குன்னு சொன்னா, அதை நான் எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?"

கடுமையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வழி தெரியாமல் கேட்டார். சிஸ்டர் முகம் வாடிவிட்டது. அப்படி ஒரு நிலையில் அவரை நான் பார்த்ததே இல்லை.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க விஷயம் தெரிஞ்சவர் மாதிரி இருக்கீங்க. நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கு?"

என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. சஹானாவின் ஜீவன், குழைவு, அது இது என்று. சொல்லியிருந்தால் அந்த அம்மா நம்பியிருப்பார், மகிழ்ந்தும் இருப்பார். சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன். "தெரிஞ்ச மாதிரி ரொம்ப வருஷமா நடிச்சிட்டிருக்கேன். அந்தத் தறிச் சத்தத்தைக் கஞ்சிரான்னு சொன்னவன் நான்தான்."

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. கேசட்டில் கேட்ட அதே சிரிப்பு, கொஞ்சம் கரகரத்துப்போய்.

"கஞ்சிராவா! ஏய், உன் தறி கஞ்சிராவாம்டி!"

"அப்ப எனக்கும் சால்வ போடுவாங்களா டீச்சர்?"

இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிஸ்டரும் சேர்ந்துகொண்டார். என் தோளிலிருந்து எதையோ இறக்கிவைத்தது மாதிரி இருந்தது. நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் டீச்சர், "மறுபடி போடுங்க" என்றார். இந்தத் தடவை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். ஓரிடத்தில் கை நின்றது. "பரவாயில்லையே இந்த இடம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இன்னொரு இடத்தில், "பொண்ணு நல்லாத்தான் பாடியிருக்கா" என்றார், வேறு யாரையோ சொல்வதுபோல.

கேசட்டை சிஸ்டர் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். உள்ளே போய்க் காபி கொண்டுவந்த டீச்சர், சிஸ்டருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க பாடுவீங்களா?"

"சர்ச்ல மட்டும். பாடகர் குழுவுல இருக்கேன்."

எனக்கே அது புதுச் செய்தி. இத்தனை நாளில் நான் ஒரு தடவையாவது அவரிடம் கேட்டிருந்தால்தானே?

"எங்க, ஒண்ணு பாடுங்க."

"நின்னுதான் பாடுவோம்" என்று சொல்லி சிஸ்டர் எழுந்து நின்றார். கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றைத் தொடங்கினார். குரல் சுத்தமாக இருந்தது. ஆனால் பாட்டு எங்கும் போகவில்லை. ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது, அரைப்படி இறங்கியது, மறுபடி அங்கேயே வந்து நின்றது.

தறிக்காரம்மா என் காதருகே, "இன்னா சார், பாட்டு மாரியே இல்ல" என்றார்.

டீச்சரும் புருவத்தைச் சுருக்கினார். "மெட்டைக் காணோமே?"

"நான் ஆல்ட்டோம்மா" என்றார் சிஸ்டர். "மெட்டு வேற ஆளுங்க பாடுவாங்க. நான் அதுக்குக் கீழ பாடுறவ. மத்தவங்க சேர்ந்து பாடினாத்தான் இது பாட்டு."

டீச்சர் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மெட்டைச் சொல்லிக் குடுங்க" என்றார்.

சிஸ்டர் மெட்டை இரண்டு தடவை முனகிக் காட்டினார். டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றார். கீழே தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பீப் பீப்பென்று பின்னால் வந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பிறகு டீச்சர் மெட்டை எடுத்தார். குரல் மேலே போகும்போது கொஞ்சம் உடைந்தது. நேராகப் போக வேண்டிய இடத்தையெல்லாம் வளைத்துக் குழைத்துக்கொண்டு போனார். சிஸ்டர் கீழே, நகராமல், அதைத் தாங்கிக்கொண்டு நின்றார். அப்போது அது பாட்டாகிவிட்டது. தறிக்காரம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேஜையில் தட்ட ஆரம்பித்தார்.

சிஸ்டர் கணவரோடு இருக்க மஸ்கட்டுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. எதிர் வீட்டில் இப்போது வேறு குடும்பம். அவரை நினைக்கும்போதெல்லாம் அலமாரியோ முந்நூறு பதிவுகளோ எனக்கு முதலில் நினைவுக்கு வருவதில்லை. அந்த மேடவாக்கத்துக் கூடம்தான் வருகிறது.

இரண்டாவது சரணத்துக்கு முன்னால் டீச்சர் என்னைப் பார்த்து, "சார், நீங்களும் வாங்க" என்றார்.

"எனக்குப் பாடத் தெரியாதும்மா" என்றேன்.

சிஸ்டர் அரை அடி நகர்ந்து, பக்கத்தில் நிற்க எனக்கு இடம் விட்டார்.